எண்பத்தொன்பதுக்கு முன்னால் கல்யாணம் ஆன அம்மாவுக்குப் பங்கு உண்டா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சுருக்கிக்கொள்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் கதை புரியட்டும். மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்தில் 3 ஏக்கர் நஞ்சை, உங்கள் தாத்தா பெயரில். தாத்தா 2001-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாச்சி இருக்கிறார், மாமா இரண்டு பேர், அம்மா ஒரே பெண். அம்மாவுக்குக் கல்யாணம் 1986-ல். மாமாக்கள் 2003-ல் ஊர்ப் பெரியவர்களை வைத்து வாய்ப்பேச்சிலேயே ஆளுக்கு ஒன்றரை ஏக்கராகப் பிரித்து, பட்டாவையும் தனித்தனியாக மாற்றிக்கொண்டார்கள். 2008-ல் அம்மாவிடம் 20 ரூபாய்ப் பத்திரத்தில் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று ஒரு கையெழுத்து. 2022-ல் சின்ன மாமா தன் பக்கத்தில் 50 சென்ட் விற்றுவிட்டார். இது போக, அம்மாச்சி பெயரில் இருந்த வீட்டை 2018-ல் பெரிய மாமாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது அம்மாச்சி உங்கள் வீட்டில் இருக்கிறார்.

மாமா சொல்வது: “எண்பத்தொன்பதுக்கு முன்னால கட்டிக்கொடுத்த பொண்ணுக்குச் சட்டத்துலயே பங்கு கிடையாது. போட வேண்டிய நகையெல்லாம் போட்டாச்சு.” நீங்கள் கேட்பது: 2020-ல் மகள்கள் பக்கம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டதே, இனி கேஸ் போட்டால் ஜெயித்துவிடலாம்தானே?

அம்மாவுக்குப் பங்கு உண்டு. மாமா சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் உண்டு. ஆனால் அது எவ்வளவு என்பதை 2020 தீர்ப்பு மட்டும் சொல்லாது. தாத்தா கைக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்கிற பழைய காகிதம்தான் சொல்லும். மதுரை கோர்ட்டில் 20 வருடத்துக்கு மேல் சிவில் கேஸ் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: செல்போனில் தீர்ப்பை எடுத்து நீட்டுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் அந்த எண்பத்தொன்பது. மாமா அதைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது, 25.3.1989 முதல் அமல். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று சொன்ன சட்டம், அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களை மட்டும் வெளியே நிறுத்தியது. அதனால்தான் எங்கள் பக்கம் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தாலே ‘எண்பத்தொன்பதுக்கு முன்னயா, பின்னயா’ என்ற கேள்வி இன்னும் வருகிறது. அப்புறம் 9.9.2005 முதல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அதில் திருமணத் தேதி என்ற பேச்சே இல்லை. மகள் என்றால் மகள்தான்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. 2015-ல் பூலாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட், 9.9.2005 அன்று அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் உங்கள் தாத்தா 2001-லேயே போய்விட்டதால் அம்மாவுக்குப் பிறப்புரிமை கிடையாது. அந்த ஐந்து வருடத்தில் இப்படித் தள்ளுபடியான பெண்களின் கேஸ்கள் எத்தனையோ. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. ஆக, பிறப்புரிமையைப் பொறுத்தவரை மாமாவின் வாதம் 1989-க்கும் 2005-க்கும் நடுவில் சரியாக இருந்த வாதம். இன்று செல்லாது.

இப்போது சென்ட் கணக்குக்கு வருவோம், இதுதான் உங்களுக்கு முக்கியம். 3 ஏக்கர் என்றால் 300 சென்ட்.

தாத்தா அந்த நிலத்தைத் தன் காசில் கிரயம் வாங்கியிருந்தால் அது சுயார்ஜிதம். அவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. நான்கு பேர், ஆளுக்கு 75 சென்ட். இதற்கு 2020 தீர்ப்பும் தேவையில்லை, 2005 திருத்தமும் தேவையில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். அம்மாவுக்கு எந்த வருடம் கல்யாணமானால் என்ன? (தாத்தாவின் தாயார் 2001-ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, ஐந்தாகப் பிரியும். கேட்டு வையுங்கள்.)

நிலம் பூர்வீகமாக இருந்தால் கணக்கு வேறு. தாத்தா, மாமா இரண்டு பேர், அம்மா என்று நான்கு பேருக்குப் பிறப்புரிமை, ஆளுக்கு நாலில் ஒன்று. அதில் தாத்தாவின் நாலில் ஒரு பங்கு அவர் இறந்ததும் மறுபடி அம்மாச்சிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நான்காகப் பிரியும். அம்மாவுக்கு 75 சென்ட், அதோடு 18¾ சென்ட், ஆக 93¾ சென்ட். அம்மாச்சிக்கு 18¾ மட்டும்.

மாமா சொல்கிறபடி அம்மாவுக்குப் பிறப்புரிமையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தாத்தாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 100 சென்ட். தாத்தாவின் 100 சென்ட் நான்கு வாரிசுக்கு. அம்மாவுக்கு 25 சென்ட் வந்தே தீரும். ‘பங்கே கிடையாது’ என்பது 1986-ல் கூடச் சட்டமாக இருந்ததில்லை தம்பி. மகள் அப்பாவின் வாரிசு என்பது 1956-லிருந்தே இருக்கிறது. இதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பூர்வீகம் என்று ஊரில் சொல்வதும் சட்டம் சொல்வதும் ஒன்றல்ல. ‘தாத்தா காலத்துச் சொத்து’ என்றாலே பூர்வீகம் என்று நினைக்கிறோம். தாத்தாவின் அப்பா தானே சம்பாதித்த நிலமாக இருந்து, அவர் வாரிசுரிமைச் சட்டம் வந்த 17.6.1956-க்கு முன் இறந்திருந்தால், தாத்தா கையில் அது பிள்ளைகளுக்கும் பிறப்புரிமை உள்ள சொத்து. அந்தத் தேதிக்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், தாத்தாவுக்கு வந்தது அவருடைய தனிச் சொத்து. மாமாக்களுக்குப் பிறப்புரிமையே இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது, இன்றும் அதுதான். அப்படியானால் மறுபடி ஆளுக்கு 75 சென்ட். வேடிக்கை பாருங்கள்: பூர்வீகம் என்று நிரூபணமானால் அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும், அம்மாச்சிக்குக் குறையும். 2020-க்கு முன் மகளின் வக்கீல் ‘சுயார்ஜிதம்’ என்று அடித்துச் சொல்வார், மகன் வக்கீல் ‘பூர்வீகம்’ என்பார். இப்போது சில கேஸில் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள்.

சரி, 2003 வாய்மொழிப் பாகம். 2005 திருத்தத்தில் மகன்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: 20.12.2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையை மகள் கலைக்க முடியாது. மாமாவின் வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார். ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது கோர்ட் டிக்ரி என்று சட்டமே சொல்லிவிட்டது. பதிவு ஆபீஸ் பக்கமே போகாமல் திண்ணையில் பேசிப் பிரித்தது இதில் சேராது. 2020 தீர்ப்பில் ஒரு சின்னச் சந்து விட்டிருக்கிறார்கள்: மிக அபூர்வமான கேஸில், பொது ஆவணங்கள் தெளிவாகத் துணை நின்றால் வாய்மொழிப் பாகத்தையும் ஏற்கலாம், வெறும் வாய்ச் சாட்சியை மட்டும் வைத்துச் சொன்னால் அப்படியே தள்ள வேண்டும். பட்டாவும் பொது ஆவணம்தானே என்று அந்தச் சந்தில் நுழையப் பார்ப்பார்கள். பட்டா உரிமையைத் தராது, அது வரி வசூலுக்கான பதிவு என்று கோர்ட்டுகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. இருந்தாலும் இந்த இடத்தில்தான் உங்கள் கேஸில் உண்மையான சண்டை நடக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்கம் இன்னொரு பலம் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பாகம் பேசியது 2003-ல். தாத்தா இறந்தது 2001-ல். அதாவது பேசும்போதே அம்மாவும் அம்மாச்சியும் தாத்தாவின் வாரிசாக அந்த நிலத்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சொந்தக்காரர் இருவரை விட்டுவிட்டு மற்ற இருவர் பிரித்துக்கொண்டால் அது அந்த இருவரைக் கட்டாது. பதிவு செய்திருந்தாலும் கட்டாது.

அடுத்து 2008 கையெழுத்து. என் அத்தை ஒருவர் ஒரு பட்டுச்சேலைக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், ஆகவே அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாக வேண்டும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தால் உரிமை போகாது. (பதிவான விடுதலைப் பத்திரமாக இருந்தால் கதையே வேறு, அதை ஏமாற்றி வாங்கினார்கள் என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் ரத்துக்குக் கேஸ் போட்டிருக்க வேண்டும். அது வெறும் காகிதம்தானா என்று வில்லங்கம் போட்டு உறுதி செய்யுங்கள்.) ஆனாலும் அந்தக் காகிதம் செத்த பாம்பு இல்லை. உரிமையை மாற்றத்தான் அது பயன்படாதே தவிர, பக்கவாட்டில் வேறொன்றைக் காட்டப் பயன்படுத்தலாம். ‘2008-லேயே எல்லாம் இவருக்குத் தெரியும், 12 வருடத்துக்கு மேல் சும்மா இருந்தார், இத்தனை வருடம் எங்கள் கையில் இருந்ததாலேயே நாங்கள் எதிரனுபவத்தில் உரிமை பெற்றுவிட்டோம்’ என்பார்கள். அதற்குப் பதிலும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது: பங்கே இல்லாதவரிடம் ‘வேண்டாம்’ என்று ஏன் எழுதி வாங்கினீர்கள்? 2008-ல் அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று மாமாக்கள் ஒப்புக்கொண்டதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

காலக்கெடு விஷயத்தில் சட்டம் பொதுவாக மகளின் பக்கம். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவம் எல்லோருடைய அனுபவம். ‘உனக்கு இதில் உரிமையில்லை, போ’ என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றிய நாள்முதல்தான் 12 வருடம் ஓடும். அதனால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அறுப்பு முடிந்து மாமா வீட்டிலிருந்து நெல் மூடை வந்ததா, எந்த வருடம் வரை? பொங்கல் சீர் வேறு, அதைப் பங்கு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். குத்தகை நெல் என்று இரண்டு மூடை வந்திருந்தால், அதை இறக்கி வைத்த ஆட்டோக்காரர்கூட நல்ல சாட்சி. 2022 கிரயம் வெளிப்படையான மறுப்புதான், அதிலிருந்து இன்னும் 12 வருடம் ஆகவில்லை. அதற்காக உட்கார்ந்திருக்காதீர்கள்.

அந்த 50 சென்ட் வாங்கியவரைப் பற்றி அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரையும் கேஸில் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் நிலம் போகாது. விற்றவரின் பங்கில் அந்த 50 சென்ட்டை ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்கு மீதியில் கொடுப்பதுதான் கோர்ட் வழக்கம். சின்ன மாமாவுக்கு எந்தக் கணக்கிலும் 50 சென்ட்டுக்கு மேல் வருகிறது, ஆக வாங்கியவர் தப்பித்துவிடுவார். மேற்கொண்டு விற்காமல் இருக்க, சார்பதிவாளரிடம் ஒரு தடை மனு கொடுத்தால் போதும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். விற்பவர் தன் உரிமையை நிரூபிக்கவில்லை என்று சார்பதிவாளர் பதிவை மறுக்க வழி செய்த தமிழ்நாட்டுப் பதிவு விதியை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. உரிமை யாருக்கு என்று பார்ப்பது அவர் வேலையில்லை என்பது அதன் சாரம். கோர்ட் தடையுத்தரவு வாங்குங்கள். கேஸ் நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் முடிவு அவரைக் கட்டும்.

கேஸ் போடும்போது எல்லாச் சொத்தும், எல்லாப் பங்காளியும் உள்ளே வர வேண்டும். ஒரு வயலை விட்டுவிட்டுக் கேட்டால் அதையே காரணமாகச் சொல்லி இழுப்பார்கள். கோர்ட் கட்டணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள்: அம்மா கூட்டு அனுபவத்தில் இருக்கிறார் என்று சொல்லி வழக்குப் போட்டால் சிறிய நிலையான கட்டணம், வெளியேற்றப்பட்டவர் என்றால் பங்கு மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் இது 7½ சதவீதமாக இருந்தது. காசை மிச்சம் பிடிக்க ‘கூட்டு அனுபவம்’ என்று எழுதிவிட்டு, மனுவின் நாலாவது பாராவில் ‘2003 முதல் உள்ளேயே விடவில்லை’ என்று எழுதுகிற கூத்தை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவிக்கு அம்மாவுக்குத் தகுதி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

தீர்ப்பு வந்த அன்றே நிலம் கைக்கு வராது. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வயலுக்கு வந்து, எந்தப் பக்கம் யாருக்கு என்று அளந்து, இறுதித் தீர்ப்பாணை. முன்பெல்லாம் முதல் தீர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவதற்கு மனுப் போடாமலே வருடக்கணக்கில் கிடப்பார்கள். 2022-ல் ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட், தனி மனு வரட்டும் என்று காத்திராமல் கீழ்க்கோர்ட்டுகளே இறுதிக் கட்டத்துக்குத் தொடர்ந்து போக வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. நடைமுறைக்கு வர இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கிறது.

போனில் பெரிய மாமா ‘தங்கச்சிக்கு ஏதாவது பாத்துச் செய்றேன்’ என்று சொன்னதைப் பதிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மனைவியின் போன் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் எடுத்துக் கணவன் கொடுத்த சாட்சியத்தை, அந்தரங்க உரிமையைச் சொல்லி 2024-ல் நம் மதுரை ஒத்தக்கடை ஐகோர்ட் கிளை நிராகரித்தது. 2025 ஜூலையில் வேறொரு மாநிலத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட், கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகப் பார்க்கலாம் என்றது. உங்கள் விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. பேசிய இருவரில் ஒருவர் நீங்கள். அந்தப் போனை விற்காமல் வையுங்கள், மின்னணுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய அது வேண்டும். இதை வைத்து கேஸ் நிற்காது, குறுக்கு விசாரணையில் கை கொடுக்கும்.

அம்மாச்சி வீடு தனிக் கதை, அதற்கு சிவில் கோர்ட் கூட வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். விண்ணப்பம் இதற்கான தீர்ப்பாயமாக இருக்கும் கோட்டாட்சியரிடம், அம்மாச்சி பெயரில். நீங்களோ அம்மாவோ உங்கள் பெயரில் கேட்க முடியாது. சிக்கல் என்னவென்றால், நம் பத்திர எழுத்தர்கள் எல்லாச் செட்டில்மெண்டிலும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவார்கள்: ‘என் மகனாகிய உம்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’. கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு வரிகூட இருக்காது. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நிபந்தனை இருந்தது என்று காட்டியே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே கோர்ட் உர்மிளா தீட்சித் வழக்கில், முதியவர்களுக்காக வந்த சட்டத்தைத் தாராளமாகத்தான் படிக்க வேண்டும், வீட்டைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றது. 2025 மார்ச்சில் சென்னை ஐகோர்ட் இரு நீதிபதிகள் அமர்வு, நாகப்பட்டினத்து அம்மா ஒருவரின் வழக்கில், அந்த ‘அன்பும் பிரியமும்’ என்பதே மறைமுகமான நிபந்தனைதான் என்றது. பத்திர எழுத்தர் பழக்கத்தில் எழுதிய வரிக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று யார் நினைத்தார்கள்? அம்மாச்சிக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அம்மாச்சி வாயாலேயே ‘மகன் சோறு போடவில்லை’ என்று கோட்டாட்சியர் முன்னால் சொல்ல வேண்டும். பல கேஸ் அங்கேதான் விழுகிறது. மகனைப் பார்த்ததும் ‘நல்லாத்தான் வச்சிருந்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். வீடு அவருக்குத் திரும்பினாலும், அவர் இருக்கும்வரை அதில் அம்மாவுக்கு உரிமை எதுவும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உயில் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். 2001-ல் இறந்தவருக்கு இருபது வருடம் கழித்து உயில் முளைப்பது மதுரை கோர்ட்டில் புதிதில்லை. உயிலுக்குப் பதிவு கட்டாயமும் இல்லை. அப்படி ஒன்று வந்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூண்டில் ஏற்றி அதை நிரூபிப்பது மாமாவின் பொறுப்பு.

சமரசத்துக்கு வழியிருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீடும் கிடையாது. உங்கள் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமனிடம் நோட்டீஸ் அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை என்பது புரிகிறது. அம்மாச்சியையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் ஒரு முறை கேட்கட்டும். அவருக்கும் அந்த நிலத்தில் பங்கு இருக்கிறது என்பது மாமாக்களுக்கே இன்னும் உறைத்திருக்காது.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: சர்வே எண்ணுக்கு எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு வில்லங்கம் போடுங்கள், கணினியில் கிடைக்காத வருடங்களுக்குச் சார்பதிவாளர் ஆபீஸில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். தாலுகா ஆபீஸில், சர்வே எண்வாரியாக நிலக்காரர் பெயர் இருக்கும் பழைய அ-பதிவேட்டு நகலும், தாத்தாவின் அப்பா இறந்த தேதிக்கு ஏதாவது ஆதாரமும் எடுங்கள். பதிவேட்டில் தாத்தா பெயருக்கு முன் யார் பெயர் இருக்கிறது, அவர் எந்த வருடம் இறந்தார் என்ற இரண்டையும் எழுதுங்கள். 75 சென்ட்டா, 93¾-ஆ என்று அப்போது சொல்கிறேன்.